மெல்பர்ன் குட் ஃபுட் அண்ட் ஒயின் ஷோ: நாக்கு மரத்துப்போகாமல் சுற்றிவர ஒரு முழு வழிகாட்டி

மெல்பர்னில் யார்ரா ஆற்றங்கரையில், சவுத் வார்ஃப் பகுதியிலுள்ள மாநாட்டு மற்றும் கண்காட்சி மையத்தில் இந்த ஷோ நடக்கிறது. வழக்கமாக மே இறுதியில் அல்லது ஜூனில், வெள்ளி முதல் ஞாயிறு வரை. சிட்னி, பெர்த், பிரிஸ்பேன் நகரங்களிலும் இதே ஷோ உண்டு. போய்வரும் விவரத்தையும் பருவத்தையும் மாற்றிக்கொண்டால் கீழே உள்ளதில் பெரும்பாலானவை அங்கேயும் பொருந்தும்.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வாசலை ஒட்டிய ஸ்டாலில் ஆரம்பித்து, நீட்டியதையெல்லாம் வாங்கிக் குடித்துக்கொண்டே போவார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா ஒயினும் ஒரே மாதிரி இருக்கும். அந்த நிலையில் வாங்கிய பாட்டிலை வீட்டில் திறந்தால், 'அன்றைக்கு நன்றாக இருந்ததே' என்று குழம்புவார்கள். ஒயினைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்குப் பின் எதைக் குடித்தோம் என்பதில்தான் தப்பு.

1. நாளும் டிக்கெட்டும்

முடிந்தால் வெள்ளிக்கிழமை போங்கள், கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். கூட்டம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். ஸ்டாலில் ஊற்றிக் கொடுப்பவருக்கு அப்போதுதான் பேச நேரமிருக்கும். சனிக்கிழமை மதியம் அதே ஆளிடம் ஒரு கேள்விகூட முழுதாகக் கேட்க முடியாது.

டிக்கெட் எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். சுவைக்கும் கிளாஸ் டிக்கெட்டில் அடக்கமா, உள்ளே தனியாக வாங்கவேண்டுமா? நாள் முழுக்கச் செல்லுமா, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமா? மாஸ்டர்கிளாஸ் எனப்படும் உட்கார்ந்து சுவைக்கும் வகுப்புக்குத் தனிக் கட்டணமா? வகுப்பில் நாற்காலிகள் அளவானவை. வேண்டுமென்றால் டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். நேரம் காலையில் கிடைத்தால் மிக நல்லது. அங்கே கற்றுக்கொள்வதை மிச்ச நாள் முழுக்கப் பயன்படுத்தலாம்.

2. எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஆறு பேரானால் எந்தக் கவுன்டரிலும் ஒன்றாக நிற்க முடியாது. ஒருவரைத் தேடி மற்ற ஐந்து பேர் அலைவதிலேயே பொழுது போய்விடும். பெரிய கூட்டமாகப் போனால் நாலு நாலு பேராகப் பிரிந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சேருங்கள்.

நால்வருக்குள் முன்பே பேசிவைக்க வேண்டியவை:

- ஒருவர் வண்டி ஓட்டுவதாக இருந்தால் அவர் துளியும் விழுங்கக் கூடாது. யாரும் ஓட்டாமல் டிராமில் போவது அதைவிட மேல்.
- ஒருவர் குறிப்பு எழுதவேண்டும்.
- இரண்டு பேர் சிவப்பு, இரண்டு பேர் வெள்ளை என்று பிரித்துக்கொண்டு, பிடித்ததை மட்டும் மற்றவருக்குச் சொல்லலாம். பார்க்கும் பரப்பு இரட்டிப்பாகும், குடிக்கும் அளவு ஏறாது.
- மது அருந்தாதவர் குழுவில் இருந்தால் சீஸ், எண்ணெய், சாக்லேட் ஸ்டால்களை அவரிடம் ஒப்படையுங்கள். மழுங்காத நாக்கு அவருடையது. உணவைப் பற்றி அவர் சொல்வதே நம்பகமானது.

3. முந்தின இரவும் அன்று காலையும்

வெறும் வயிற்றோடு போகவே கூடாது. உணவுக் கண்காட்சிதானே, அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. அங்கே கிடைப்பவை குச்சியில் குத்திய துண்டுகள். அவற்றால் வயிறு நிறையாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இட்லி, பொங்கல், முட்டை, டோஸ்ட் என்று மாவும் கொழுப்பும் உள்ள எதையாவது நிறையச் சாப்பிடுங்கள். உணவு இருந்தால் ஆல்கஹால் வயிற்றில் தங்கி மெதுவாகக் குடலுக்கு இறங்கும், ரத்தத்தில் ஏறுவதும் மெதுவாகும். காரச் சட்னியையும் ஊறுகாயையும் அன்று காலை மட்டும் விட்டுவிடுங்கள்.

பல் துலக்குவதைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பு தெரியாமல் மழுக்கி, புளிப்பையும் கசப்பையும் தூக்கிக் காட்டும். பல் துலக்கியதும் ஆரஞ்சு ஜூஸ் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சென்ட், வாசனை உள்ள ஹேண்ட் கிரீம் வேண்டாம். மல்லிகைப்பூவும் வேண்டாம். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஒரு முழம் மல்லிகை உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற நாலு பேர் மூக்கையும் அடைத்துவிடும். ஷோவுக்குப் போகும்போது பூ வைப்பதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால், அன்று ரீஸ்லிங் என்ற வாசனையான வெள்ளை ஒயின் பக்கம் போகாதீர்கள்.

உடை அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். சுவைத்த ஒயினை விழுங்காமல் வாளியில் துப்புவதுதான் இங்கே வழக்கம். துப்பப் பழகாதவர் மேல் ஷிராஸ் போன்ற கருஞ்சிவப்பு ஒயின் தெறிக்காமல் இருக்காது.

4. கையில் இருக்க வேண்டியவை

- 18 வயது ஆனதற்கான அடையாள அட்டை. சுற்றுலா வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்.
- அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், உப்பில்லாத க்ராக்கர் பிஸ்கட் ஒரு பாக்கெட்.
- சீஸ், வெண்ணெய் வாங்குவதாக இருந்தால் சின்ன கூலர் பையும் ஐஸ் கட்டியும்.
- பேனா, சின்ன நோட்டு. ஃபோனும் போதும், ஆனால் ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டு டைப் செய்வது எளிதல்ல.

குளிர்காலம் என்பதால் கோட்டு போட்டுப் போவீர்கள். உள்ளே சூடாக இருக்கும். பொருள் வைக்கும் அறை இருந்தால் முதல் வேலையாகக் கோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

5. போய்வர

சதர்ன் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், நிதானமாகக் கால் மணி நேரம். டிராம் என்றால் 12, 96, 109 மூன்றும் கிளாரண்டன் தெருவில் மையத்தின் பக்கத்தில் நிற்கும். நகர மையத்துக்குள் டிராம் இலவசம் என்று பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஆற்றைத் தாண்டியதும் இலவச மண்டலம் முடிந்துவிடும். மைக்கி என்ற பயண அட்டையைத் தட்டவேண்டும்.

காரில் போகிறவர்களுக்கு: விக்டோரியாவில் முழு உரிமம் வைத்திருப்பவரின் ரத்த ஆல்கஹால் அளவு 0.05-க்குக் கீழே இருக்கவேண்டும். எல் (பழகுநர்), பி (தற்காலிக உரிமம்) பலகை ஒட்டி ஓட்டுபவருக்கு அது பூஜ்ஜியம். 'துப்பிக்கொண்டேதான் இருந்தேன்' என்பது கணக்கில் வராது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும்.

6. உள்ளே நுழைந்ததும் முதல் 20 நிமிடம்

எதையும் சுவைக்காதீர்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று வாருங்கள். ஒயின் எந்தப் பக்கம், சீஸ் எங்கே, மிளகாய் சாஸும் ஜின்னும் எங்கே, தண்ணீர் எங்கே, உட்கார இடம் எங்கே என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குத்தான் பலருக்கும் பொறுமையில்லை. ஆனால் அடுத்த படி முழுக்க இந்த வரைபடத்தை நம்பித்தான் இருக்கிறது. ஸ்டால்கள் இடத்துக்கேற்ப அடுக்கப்பட்டவை, சுவைக்கேற்ப அல்ல.

சுற்றும்போது ஆளுக்கு மூன்று ஸ்டாலைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நால்வருக்கு 12. அதற்கு மேல் ஒரு நாளில் நினைவில் நிற்காது.

7. ஒயின் வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மெலிதிலிருந்து கனத்துக்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு. இனிப்பு ஒயினுக்குப் பின் இனிப்பில்லாத ஒயினைக் குடித்தால், லட்டு தின்ற வாயில் காபி குடித்த கதைதான்; வெறும் புளிப்பும் கசப்பும் மிஞ்சும். அதேபோல கனமான சிவப்பு ஒயினின் துவர்ப்பு வாயில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் மெல்லிய ஒயினைத் தண்ணீராக்கிவிடும்.

விக்டோரியா ஒயின்களை முதன்மையாக வைத்து ஒரு வரிசை:

முதலில் நுரை ஒயின்: கிங் வேலி ப்ரொசெக்கோ, டாஸ்மேனியாவின் ஸ்பார்க்ளிங். அடுத்து மெல்லிய வெள்ளை: கிளேர் வேலி அல்லது ஈடன் வேலி ரீஸ்லிங், ஹன்டர் வேலி செமியான். பிறகு கனமான வெள்ளை: யார்ரா வேலி ஷார்டனே. அதன்பின் ரோஸே. மெல்லிய சிவப்பு: மார்னிங்டன் பெனின்சுலா அல்லது யார்ரா வேலி பினோ நுவார். கனமான சிவப்பு: கூனவாரா கேபர்னே, ஹீத்கோட் ஷிராஸ், கடைசியாக பரோசா ஷிராஸ். எல்லாவற்றுக்கும் பிறகு ரதர்க்ளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயின்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஸ்பார்க்ளிங் ஷிராஸ். நுரை இருக்கிறதே என்று ப்ரொசெக்கோவோடு சேர்த்து முதலில் குடித்துவிடுவார்கள். கிராம்பியன்ஸ் பகுதியில் பேர்பெற்ற இந்த ஒயின் கருஞ்சிவப்பு, துவர்ப்பும் சற்று இனிப்பும் உள்ளது. நுரையைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். இதன் இடம் சிவப்புகளின் கடைசியில்.

இன்னொன்று மஸ்கட். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிட் சேர்த்து நிறுத்துவதால் இதில் சர்க்கரையும் அதிகம், ஆல்கஹாலும் சுமார் 18 சதவீதம். ரதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு தரம்; மேலே போகப்போக பழையதும் அடர்ந்ததும். கருப்பட்டியும் உலர்திராட்சையும் சேர்ந்த வாசனை வருவதால், ஒயின் பிடிக்காது என்று சொல்லும் நம்மவர்களுக்குக்கூடப் பிடித்துப்போகும். அதனால்தான் ஆபத்து. ஒரு தேக்கரண்டி அளவு போதும், அதையும் கடைசியில் மட்டும்.

ஒரு ஸ்டாலில் ஆறு பாட்டில் வைத்திருந்தால் ஆறையும் குடிக்கவேண்டியதில்லை. 'இப்போது வெள்ளை மட்டும், சிவப்புக்குத் திரும்ப வருகிறோம்' என்று சொல்லுங்கள். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

8. ஒரு மடக்கு: ஊற்றுவதிலிருந்து துப்புவது வரை

அளவுக் கணக்கு முதலில். ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். 13 சதவீத ஒயினில் அது 100 மில்லி. ஒரு சாம்பிள் 30 மில்லி என்று வைத்தால் 20 சாம்பிளை விழுங்கினால் 600 மில்லி, அதாவது ஆறு டிரிங்க். அரசின் சுகாதார ஆலோசனை ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம் என்கிறது. அந்த வரம்பு 13 சாம்பிளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே துப்பத்தான் வேண்டும்.

1. கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளை ஒயினை ஐஸில் வைத்து மிகவும் குளிராக ஊற்றினால் மட்டும், உள்ளங்கையில் அரை நிமிடம் ஏந்தி வாசனை எழும்பவிடுங்கள்.
2. ஊற்றியதும் கவுன்டரைவிட்டு இரண்டடி விலகுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது.
3. சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, சுழற்றியபின் ஒருமுறை முகருங்கள். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்ட பாட்டில். மெதுவாகச் சொன்னால் வேறு பாட்டில் திறப்பார்கள். ஆஸ்திரேலியாவில் திருகுமூடி பரவலாக இருப்பதால் இது அரிது.
4. ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாக வாயில் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி ஐந்து விநாடி உருட்டுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு வறண்டு இழுத்தால் துவர்ப்பு. தொண்டை சுட்டால் ஆல்கஹால்.
5. துப்பும் வாளிக்கு நேர் மேலே குனிந்து, உதட்டைக் குவித்து, ஒரே வீச்சில் துப்புங்கள். மெல்லத் துப்பினால்தான் தாடையில் வழியும். கூச்சமாக இருந்தால் வீட்டில் வாஷ்பேசினில் தண்ணீரை வைத்துப் பழகுங்கள். வாளியில் துப்புவதை மரியாதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் செய்வது இதுதான்.
6. துப்பியபின் வாயில் சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயினைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த இடம்தான்.

அடுத்த ஒயினுக்கு முன் கிளாஸைத் தண்ணீரில் அலசித் துடைக்காமல் நீட்டினால், அடியில் தங்கும் துளி ஒயினை நீர்த்துவிடும். வரப்போகும் ஒயினிலேயே சில துளி விட்டுச் சுழற்றிக் கொட்டுவது நல்ல முறை. வெள்ளையிலிருந்து சிவப்புக்குப் போக அதுகூடத் தேவையில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் பாட்டிலின் பின்பக்கம் '220' என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது சல்ஃபர் டையாக்சைடு. சிலருக்கு மூச்சிழுப்பைக் கிளப்பும்.

9. உணவு ஸ்டால்கள்

ஒயின் சுற்றுக்கும் உணவுச் சுற்றுக்கும் நடுவே ஒரு முழுச் சாப்பாடு, அரை மணி நேர உட்காரல் தேவை. கால்வலியில் எடுக்கும் முடிவுகள் மோசமானவை.

சீஸும் ஒயினும் சேர்த்துச் சுவைக்க ஆசையிருந்தால் முதலில் ஒயினை மட்டும், பிறகு சீஸ், பிறகு மீண்டும் ஒயின். சீஸிலுள்ள புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். சுமாரான சிவப்பு ஒயின்கூட சீஸுக்குப் பின் பட்டுப்போல இறங்கும். வாங்கும் முடிவைச் சீஸ் இல்லாத மடக்கை வைத்து எடுங்கள்.

மிளகாய் சாஸ், ஊறுகாய், பூண்டு டிப், புகையூட்டிய இறைச்சி எல்லாம் நாளின் கடைசி. நமக்கென்ன, காரம் பழகிய நாக்கு என்று சவால் விடுகிறவர்கள்தான் இங்கே அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். காரத்தைத் தாங்குவது வேறு, காரத்துக்குப் பின் ருசி பிரித்தறிவது வேறு. போதாததற்கு ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். தெரியாமல் தின்றுவிட்டால் தண்ணீர் உதவாது. பால், தயிர், ஐஸ்கிரீம் ஏதாவது ஒன்று தேடுங்கள்.

ஆலிவ் எண்ணெயை ரொட்டியில் தொட்டுத் தின்றால் ரொட்டி ருசிதான் தெரியும். சின்னக் கப்பில் வாங்கி நேரடியாக உறிஞ்சுங்கள். தொண்டையில் மிளகுபோல ஒரு சுருக்கு வந்தால் எண்ணெய் புதிது.

சைவ உணவுக்காரர்கள் கேட்டாகவேண்டியவை சில உண்டு. சீஸைத் திரைய வைக்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததா, அல்லாததா? அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலிய சீஸ் கன்றின் ரென்னட்டில்தான் செய்யப்படுகிறது. மார்ஷ்மெல்லோ, நூகட், ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். ஒயினிலும் உண்டு: தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பை, ஜெலட்டின் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 'இது வேகனா, விலங்குப் பொருள் எதுவும் சேராததா?' என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், ஸ்டால்காரருக்குப் பதில் தெரிந்திருக்கும். இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் நீட்டும்போது மாடா பன்றியா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் வினிகர் கிளேஸ் (உணவின் மேல் பளபளப்புக்காகத் தடவும் பூச்சு), லிக்கர் சாக்லேட் ஆகியவற்றிலும் கவனமாக இருக்கவேண்டும்.

10. குறிப்பு எழுதும் முறை

கருப்பு செர்ரி, தோல் பை, ஈரமண் என்று கவிதை எழுதவேண்டாம். நான்கு விஷயம் போதும்: பாட்டில் லேபிளின் படம், ஸ்டால் எண், ஷோ விலை, பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஐந்தாவதாக ஒரு வரி: வீட்டில் எதோடு குடிப்போம்? 'மீன் வறுவல்', 'பிரியாணி', 'எதற்கும் ஒத்துவராது'. இந்த ஒரு வரிதான் பிற்பாடு உதவும். மட்டன் சுக்காவுக்கு 14.5 சதவீத ஷிராஸ் என்று தோன்றும். காரத்தையும் எரிச்சலையும் அது கூட்டும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அங்கே நன்றாகச் சேரும்.

மதிப்பெண்ணை நால்வரும் தனித்தனியாக, பேசாமல் எழுதுங்கள். ஒருவர் வாய்விட்டு 'சூப்பர்' என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் நாக்கும் அதையே சொல்லும்.

11. வாங்குவது

முதல் சுற்றில் எதையும் வாங்கக் கூடாது. சுமை ஒரு காரணம்: ஒரு பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ வரை, ஆறு பாட்டில் என்றால் சுமார் 8 கிலோ. நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இன்னொரு காரணம், பிற்பகலில் மதிப்பெண்களை வைத்து உட்கார்ந்தால் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

'ஷோ விலை' என்று எழுதியிருப்பதாலேயே அது மலிவாகிவிடாது. அதே ஒயின், அதே ஆண்டு, நகரக் கடையில் என்ன விலை என்று ஃபோனில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆண்டு முக்கியம். சுவைத்தது ஓர் ஆண்டின் அறுவடை, அனுப்புவது அடுத்த ஆண்டினது என்றும் நடக்கும். ஆர்டர் சீட்டில் ஆண்டை எழுதச் சொல்லிவிட்டு அட்டையை நீட்டுங்கள்.

டஜன் வாங்கினால் தள்ளுபடி, வீட்டுக்கே அனுப்புகிறோம் என்பார்கள். நால்வரும் சேர்ந்து கலப்பு டஜன் எடுத்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டால் இது லாபம். தனியாள் எடுத்தால் பெரும்பாலும் எட்டாவது பாட்டிலில் சலித்துவிடும்.

ஒயின் கிளப்பில் சேரச் சொல்லும் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். பல கிளப்புகளில் கையெழுத்திட்டதும் சில மாதங்களுக்கு ஒருமுறை பெட்டி தானாக வரும், அட்டையிலிருந்து பணமும் தானாகப் போகும். எப்படி விலகுவது என்று எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டுச் சேரலாம். ஆறாவது கிளாஸுக்குப் பின் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

சீஸைக் கிளம்பும் கடைசிப் பத்து நிமிடத்தில் வாங்குங்கள், நேராகக் கூலர் பைக்குள் போகட்டும். வாங்கிய ஒயின் பாட்டிலை அரங்குக்குள் திறக்காதீர்கள், வெளியேற்றிவிடுவார்கள்.

12. ஊருக்கு எடுத்துப்போவதானால்

சென்னைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இந்தியச் சுங்கத்தில் வரியில்லா மது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவது சேர்ந்தால் 2.25 ஆகி வரம்பு தாண்டிவிடும். மஸ்கட் பல நேரம் 375 அல்லது 500 மில்லி பாட்டிலில் வரும். இரண்டு ஷிராஸும் ஒரு 500 மில்லி மஸ்கட்டும் எடுத்தால் கணக்கு சரியாக 2 லிட்டர். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி, துணிக்கு நடுவே பெட்டியின் ஓரம் படாமல் வையுங்கள்.